துப்பாக்கிக்குத் தையல் மெஷின்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. ராஜாக்கள் உட்கார்ந்து தேய்த்த சிம்மாசனம் இல்லை. ஒரே ஒருத்தர் உட்காரக்கூடிய சாதாரண சைஸ். கால், கைப்பிடி, முதுகு என்று எங்கே தொட்டாலும் துப்பாக்கி. வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து ஒட்டிய நிஜத் துப்பாக்கிகள். முதுகுப் பக்கத்தின் உச்சியில் போர்ச்சுகல் ராணுவம் பயன்படுத்திய இரண்டு பழைய துப்பாக்கிகளின் அடிக்கட்டைகள் நிற்கின்றன. திருகு மாட்டிய ஓட்டைகள் கண் மாதிரியும், வார் கோக்கும் பிளவு வாய் மாதிரியும் அமைந்துபோனதில், இரண்டும் சிரிப்பதுபோலத் தெரியும்.

2001-ல் இதைச் செய்தவர் கெஸ்டர் என்கிற மொசாம்பிக் நாட்டுக் கலைஞர். அடுத்த வருடமே மியூசியம் வாங்கிவிட்டது. இதில் இருக்கிற துப்பாக்கிகளில் ஒன்றுகூட மொசாம்பிக்கில் தயாரானது கிடையாது. ரஷ்யாவில், கிழக்கு ஐரோப்பாவில், வடகொரியாவில் செய்து அனுப்பினார்கள். மொசாம்பிக்காரர்கள் செய்ததெல்லாம் அவற்றை வைத்து ஒருத்தரையொருத்தர் சுட்டுக்கொண்டது மட்டும்தான். பதினாறு வருடங்கள். செத்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர்.

சரி, அத்தனை துப்பாக்கிகள் எப்படி ஒரு வெல்டிங் பட்டறைக்கு வந்து சேர்ந்தன? அந்தக் கதைதான் இந்த வாரம்.

மொசாம்பிக் நமக்கு அப்படியொன்றும் அந்நியம் இல்லை. 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வருகிற வழியில் இறங்கி இளைப்பாறிய கரை அது. அதன்பிறகு போர்ச்சுகீசியர்கள் அங்கேயே டேரா போட்டுவிட்டார்கள். 1752 வரை மொசாம்பிக்குக்கு நிர்வாகத் தலைமையிடம் எது தெரியுமா? நம்ம கோவா. அங்கிருந்துதான் உத்தரவு போகும்.

ஏறக்குறைய 500 வருடம் இருந்துவிட்டு, 1975 ஜூன் 25-ம் தேதி போர்ச்சுகல் கிளம்பியது. போகிறபோது விட்டுப்போனது என்ன? பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தேசம். வெள்ளைக்காரர்கள் கோபத்தில் டிராக்டர்களை உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள், லிஃப்ட் குழிகளில் சிமென்ட்டைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார்கள் என்றெல்லாம் இன்றைக்கும் சொல்வார்கள். புது அரசும் லேசுப்பட்டதில்லை. 24 மணிநேரம் டயம், 20 கிலோ லக்கேஜ், கிளம்பு என்று ஆர்டர் போட்டது. போட்டவர் அப்போதைய உள்துறை அமைச்சர் அர்மாண்டோ குபூஸா. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்சிக்கு வந்த கட்சி ஃப்ரெலிமோ. சுதந்தரத்துக்காகப் போராடிய இயக்கம். தலைவர் ஸமோரா மாஷெல். மார்க்சியம்தான் வழி என்று முடிவு செய்தார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நிறையக் கட்டினார்கள். கூடவே, ஜனங்களைச் சொந்த நிலத்திலிருந்து கிளப்பிக் கூட்டுக் கிராமங்களில் குடிவைத்தார்கள். ஊர்த் தலைவர்களுக்கு இனி மரியாதை இல்லை என்றார்கள். பிடிக்காதவர்களைத் திருத்தல் முகாமுக்கு அனுப்பினார்கள். பக்கத்து வீடான ரொடீஷியா, அதாவது இன்றைய ஜிம்பாப்வே, அப்போது வெள்ளையர் பிடியில் இருந்தது. மொசாம்பிக் அந்நாட்டுக் கறுப்பினப் போராளிகளுக்கு இடம் கொடுத்தது. சும்மா இருப்பார்களா? ரொடீஷிய உளவுத்துறை ஒரு கலகப்படையை உருவாக்கி மொசாம்பிக்குக்குள் ஏவிவிட்டது. பெயர் ரெனாமோ. 1980-ல் ரொடீஷியாவே காணாமல் போனதும், நிறவெறி தென்னாப்பிரிக்க ராணுவம் ரெனாமோவைத் தத்து எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை விவரித்தால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. காது, மூக்கு, உதடு அறுப்பது ரெனாமோ ஆள்களின் வழக்கமாகவே இருந்தது. எட்டு, பத்து வயசுப் பையன்களைக் கடத்திப்போய்த் துப்பாக்கி கொடுத்தார்கள். 1988-ல் அமெரிக்க வெளியுறவுத்துறைக்காக ஒருவர் அகதிகளிடம் பேட்டி எடுத்து அறிக்கை கொடுத்தார். ரெனாமோ கொன்ற சிவிலியன்கள் மட்டும் ஒரு லட்சம் இருக்கலாம் என்றது அந்த அறிக்கை. அரசுப் படையும் புனிதர்கள் கூட்டம் இல்லை. நடுவில் மாட்டிய ஜனங்கள் எந்தச் சீருடையைப் பார்த்தாலும் புதருக்குள் ஓடினார்கள்.

இப்போது உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். இப்படிப்பட்ட ஆசாமிகளோடு உட்கார்ந்து பேசலாமா?

'கொள்ளைக்காரர்களோடு என்ன பேச்சு?' என்றுதான் அரசும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. 1986 அக்டோபரில் விமான விபத்தில் ஸமோரா மாஷெல் இறந்துபோக, ஜோக்கிம் சிஸ்ஸானோ பதவிக்கு வந்தார். அமைதியான மனிதர். ராணுவத்தை வைத்து ஜெயிக்க முடியாது என்று கணக்குப் போடத் தெரிந்தவர். எதிர்முகாமுக்கும் அந்தக் கணக்கு மெல்லப் புரிய ஆரம்பித்தது. சோவியத் சரிந்துகொண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மண்டேலா விடுதலையாகப் போகிறார். இரண்டு பக்கமும் படியளந்தவர்கள் கடையைக் கட்டுகிறார்கள். போதாக்குறைக்கு வறட்சி. காட்டில் இருந்த ரெனாமோக்காரர்களுக்குத் திருடித் தின்னக்கூட எதுவும் மிஞ்சவில்லை.

ஆனால் யார் முதலில் போய்க் கதவைத் தட்டுவது?

தட்டியவர் ஒரு பாதிரியார். பெய்ரா நகரத்து ஆர்ச்பிஷப் ஜெய்மே கொன்ஸால்வெஸ். 1988-ல் ரகசியமாகக் காட்டுக்குள் போய் ரெனாமோ தலைவர் அஃபோன்ஸோ த்லகாமாவைச் சந்தித்தார். இரண்டு பேருக்கும் தாய்மொழி ஒன்று. ந்தாவு என்கிற மொழி. ஊர்ப் பாஷையில் பேச ஆரம்பித்ததும் பாதி இறுக்கம் போய்விட்டது. காட்டிலிருந்து ஆர்ச்பிஷப் கொண்டுவந்த சேதி முக்கியமானது. இந்த ஆளுக்கும் சண்டை அலுத்துவிட்டது.

கொன்ஸால்வெஸ் ரோமில் படித்தவர். அங்கே அவருக்கு ஒரு நட்புக் கூட்டம் இருந்தது. சாந்தெஜிடியோ என்று பெயர். 1968-ல் ஆந்த்ரேயா ரிக்கார்தி என்கிற பள்ளிக்கூடத்துப் பையன் நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, கிழவர்களைப் பார்த்துக்கொள்வது, சாயங்காலமானால் பிரார்த்தனை. அவ்வளவுதான் அவர்கள் வேலை. எண்பதுகளில் மொசாம்பிக்குக்குக் கப்பலில் உணவும் மருந்தும் அனுப்பியிருக்கிறார்கள். அங்கே சர்ச்சுகளுக்கு அரசு கொடுத்த நெருக்கடியைக் குறைக்க அவர்கள் செய்த காரியம் பிரமாதமானது. நேரே இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பெர்லிங்குவேரைப் பிடித்துப் பேசினார்கள். மார்க்சிஸ்ட் அரசு வாட்டிகன் சொன்னால் கேட்குமா, தோழர் சொன்னால் கேட்குமா? யோசித்துப் பாருங்கள்.

1990 ஜூலை மாதம். ரோமில் டிரஸ்டவெரே என்கிற பழைய பேட்டை. ஒருகாலத்தில் கன்னியாஸ்திரீகள் மடமாக இருந்த கட்டடம்தான் சாந்தெஜிடியோவின் ஆபீஸ். அங்கே அரசுத் தரப்பு வந்து உட்கார்ந்தது. தலைமை? அதே அர்மாண்டோ குபூஸா! ரெனாமோ தரப்பில் ராவுல் டோமிங்கோஸ். வல்லரசு கிடையாது, ஐ.நா. கிடையாது, கேமரா கிடையாது. ரிக்கார்தி சொன்னது இவ்வளவுதான்: பிரிக்கிற சங்கதிகளை அப்புறம் பார்க்கலாம், சேர்க்கிற சங்கதி எது என்று முதலில் பாருங்கள். முதல் சுற்று முடிவில் வெளிவந்த கூட்டறிக்கை, நாம் எல்லோரும் ஒரே மொசாம்பிக் குடும்பம் என்றது. பார்க்க வெறும் சம்பிரதாய வரிதான். ஆனால் அதற்கு முதல்நாள் வரை அவர்கள் 'கொள்ளைக்காரர்கள்', இவர்கள் 'பொம்மை அரசு' என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வரியின் கனம் தெரியும்.

ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்திருப்பார்கள். 27 மாதம் இழுத்தது. பதினொரு சுற்று. மத்தியஸ்தர் யார் என்பதிலேயே அடிதடி. அவர் பெயரைச் சொன்னால் இவருக்கு ஆகாது. கடைசியில், சும்மா பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்த நான்கு பேரையே மத்தியஸ்தர்கள் ஆக்கினார்கள். ரிக்கார்தி, மத்தேயோ ஜூப்பி என்கிற இளம் பாதிரியார், ஆர்ச்பிஷப் கொன்ஸால்வெஸ், இத்தாலிய அரசு சார்பில் மாரியோ ரஃபாயெல்லி. (அந்த ஜூப்பி பிற்பாடு கார்டினல் ஆனார்.) நடுவில் ரெனாமோ பல முறை முறுக்கிக்கொண்டு எழுந்து போனது. ஓட்டல் பில், டெலிபோன் பில் எல்லாம் இத்தாலி அரசு தலையில். லோன்ரோ கம்பெனி முதலாளி டைனி ரோலண்ட் தன் சொந்த விமானத்தில் த்லகாமாவை அழைத்துக்கொண்டு அலைந்தார். மனிதாபிமானமா? அவருக்கு மொசாம்பிக்கில் தோட்டங்கள் இருந்தன. அவையும் எரியாமல் இருக்கவேண்டுமே. சமாதானத்துக்கு வருகிற எல்லோரும் புத்தபிரானாகத்தான் இருக்கவேண்டும் என்றால் ஒரு யுத்தமும் முடியாது.

1992 அக்டோபர் 4. ரோமில் சிஸ்ஸானோவும் த்லகாமாவும் கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்கும் மொசாம்பிக்கில் அந்தத் தேதி அரசு விடுமுறை.

வழக்கமாகச் சினிமா இங்கே முடிந்துவிடும். நிஜமான வேலை இங்கேதான் ஆரம்பித்தது. ஏனென்றால், அதே மாதம் ஆப்பிரிக்காவின் இன்னொரு மூலையில் அங்கோலா மறுபடி பற்றி எரிந்துகொண்டிருந்தது. அதுவும் போர்ச்சுகலின் பழைய காலனி. அங்கேயும் ஒப்பந்தம் போட்டார்கள், செப்டம்பரில் எலெக்‌ஷன் வைத்தார்கள். தோற்ற ஜோனஸ் சவிம்பி, 'செல்லாது செல்லாது' என்று படையோடு காட்டுக்குப் போய்விட்டார். படை அவர் கையில் அப்படியே இருந்ததால் போக முடிந்தது. மொசாம்பிக்குக்கு ஐ.நா. அனுப்பிய ஆல்டோ அயெல்லோ என்கிற இத்தாலியர் இதைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். முதலில் படை கலையவேண்டும், பிறகுதான் ஓட்டுப்பெட்டி என்பதில் உறுதியாக இருந்தார். 1993 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலை ஒரு வருடம் தள்ளியே வைத்துவிட்டார்கள்.

ஐ.நா. படை வந்து சேர்வதற்குள் அடுத்த வருடம் பாதி ஓடிவிட்டது. ஆறாயிரத்துச் சொச்சம் பேர். அதில் நம் இந்திய ராணுவத்து இன்ஜினீயர்களும் உண்டு. ஆச்சரியம் என்ன தெரியுமா? கையெழுத்துக்கும் படை வந்ததற்கும் நடுவே இருந்த அந்த அரை வருடத்துக்கு மேலான காலத்தில், காவலுக்கு ஆளே இல்லாமல் சண்டை நின்றிருந்தது. அங்கங்கே சில உரசல்கள், அவ்வளவுதான். ரோமில் கையெழுத்துப் போட்டவர்களைவிட ஊரில் இருந்தவர்களுக்குத்தான் அவசரம்.

இரண்டு தரப்பிலும் சேர்த்து 49 முகாம்கள். 29 அரசுக்கு, 20 ரெனாமோவுக்கு. சிப்பாய் வந்து பெயர் பதியவேண்டும், துப்பாக்கியை ஒப்படைக்கவேண்டும். அப்புறம் இரண்டு வழி. புது ராணுவத்தில் சேரலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். இரு தரப்பும் கலந்து 30,000 பேர் கொண்ட ராணுவம் என்பது திட்டம். தலைவர்கள் இந்த எண்ணுக்காக ரோமில் எத்தனை நாள் மல்லுக்கட்டினார்கள்! கடைசியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? சுமார் 12,000. மிச்சப் பேர், சாமி ஆளை விடு என்றுவிட்டார்கள். 1994-ல் முகாம்களில் அடிக்கடி கலவரம் நடந்தது. சிப்பாய்கள் ரோட்டை மறித்தார்கள், அதிகாரிகளைப் பிணையாகப் பிடித்தார்கள். கோரிக்கை என்ன? எங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பு! உலக ராணுவ சரித்திரத்தில் இப்படியொரு கலகத்தை அதிகம் பார்க்க முடியாது.

அனுப்பிய விதம் கெட்டிக்காரத்தனமானது. 78,000 பேருக்கு மேல் வீட்டுக்குப் போனார்கள். கையில் கொஞ்சம் விதை, மண்வெட்டி போன்ற கருவிகள், மாற்றுத் துணி, எந்த ஊர் சொல்கிறானோ அந்த ஊருக்கு வண்டி. அப்புறம் இரண்டு வருடத்துக்குச் சம்பளம். முதல் ஆறு மாதம் அரசு, அடுத்த 18 மாதம் வெளிநாட்டு உதவி. மொத்தமாகக் கொடுக்கவில்லை பாருங்கள், அங்கேதான் சூட்சுமம். அவன் போய்ச் சேர்ந்த பகுதியின் பாங்க் கிளையில் தவணை தவணையாக வாங்கிக்கொள்ளவேண்டும். பணம் வேண்டும் என்றால் ஊரில் இருக்கவேண்டும். ஊரில் இருந்தால் கல்யாணம் ஆகும், நிலத்தில் வரப்பு கட்டுவான், கமாண்டர் விசில் அடித்தால் கேட்காத தூரத்தில் இருப்பான்.

சிப்பாய்க்குச் சம்பளம் சரி. தலைவருக்கு? த்லகாமாவுக்கும் வேண்டும் அல்லவா. கட்சி நடத்தக் காசு, தலைநகர் மபூட்டோவில் வீடு, ஆபீஸ், கோட்டு சூட்டு. காட்டில் வாழ்ந்தவர்களுக்கு அரசியல் செய்யத் தெரியாது, கற்றுக்கொள்ளும்வரை செலவுக்கு வேண்டும். அயெல்லோ கூச்சமே படவில்லை. ரெனாமோவைக் கட்சியாக மாற்ற ஒரு நிதி திறந்தார். இத்தாலியும் மற்றவர்களும் போட்டார்கள். ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் செலவானது.

மூக்கை அறுத்தவனுக்குச் சம்பளமா என்று உங்களுக்குக் கொதிக்கிறதா? கொதிக்கத்தான் வேண்டும். இன்னொன்றையும் கேளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பத்தே நாளில் நாடாளுமன்றம் பொது மன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இரு தரப்புக்கும். விசாரணை கிடையாது, தண்டனை கிடையாது, தென்னாப்பிரிக்காவில் பிற்பாடு அமைத்ததுபோல உண்மை அறியும் கமிஷன்கூடக் கிடையாது. என்னைக் கேட்டால், பணம் கொடுத்தது சரி. ஒரு நாள் யுத்தத்துக்கு ஆகிற செலவில் அது கொசுறு. ஆனால் செத்த 10 லட்சம் பேரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மூடிப் புதைத்தது இருக்கிறதே, அது அரசியல்வாதிகள் இரண்டு பேரும் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட சலுகை. கிராமத்து ஜனத்தை யாரும் கேட்கவில்லை.

கிராமத்து ஜனம் அதற்குத் தங்கள் வழியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. அந்த ஊர் நம்பிக்கைப்படி, யுத்தத்தில் செத்து முறையாக அடக்கம் செய்யப்படாதவனின் ஆவி, கொன்றவனைத் தொடர்ந்து அவன் வீட்டுக்கே வரும். அவனைமட்டும் பிடிக்காது, குடும்பத்தையே பிடிக்கும், மழையைக்கூட நிறுத்திவிடும். அதனால் திரும்பி வந்த பையனை நேரே வீட்டுக்குள் விடமாட்டார்கள். பூசாரி வருவார். ஊருக்கு வெளியே புல்லால் சின்னக் குடிசை போடுவார்கள். காட்டிலிருந்து வந்த அழுக்குத் துணியோடு பையன் அதற்குள் போகவேண்டும். உள்ளேயே துணியைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வரவேண்டும். குடிசைக்குத் தீ வைப்பார்கள். திரும்பிப் பார்க்கக்கூடாது. அப்புறம் மூலிகைத் தண்ணீரில் குளியல், முன்னோர்களுக்குச் சேதி. முடிந்தது. இனி அவன் நம்ம வீட்டுப் பிள்ளை. என்ன செய்தாய், எத்தனை பேரைக் கொன்றாய் என்று யாரும் கேட்கக்கூடாது.

மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரெனாமோவிடமிருந்து மீட்கப்பட்ட சிறுவர்களுக்காக 1988-ல் மபூட்டோவில் ஒரு காப்பகம் திறந்தார்கள். அங்கே இருந்த 39 பையன்களை ஆய்வாளர்கள் 16 வருடங்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, உழைத்துச் சாப்பிடுகிற சராசரி ஆள்களாகவே ஆகியிருந்தார்கள். கெட்ட கனவு மட்டும் போகவில்லை. அவர்களை மீட்டது எது என்று பார்த்தபோது, காப்பகத்தின் கவனிப்போடு இந்தக் குடிசைச் சடங்கும், ஊர் தங்களைச் சேர்த்துக்கொண்டதும் வரிசையில் முன்னால் நின்றன.

அகதிகளும் திரும்பினார்கள். வெளிநாடுகளில் இருந்தவர்கள் மட்டும் 17 லட்சம். அதில் பத்து லட்சத்துக்கு மேல் மலாவி என்கிற குட்டி தேசத்தில் இருந்தார்கள். அந்த ஏழை நாடு எப்படிச் சோறு போட்டதோ! ஐ.நா. லாரிக்காகப் பலர் காத்திருக்கவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டார்கள். விதைக்கிற மழைக்கு முன்னால் ஊர் போய்ச் சேரவேண்டுமே.

1994 அக்டோபர் 27. முதல் தேர்தல். வாக்குப்பதிவு தொடங்க ஒரு நாள்கூட இல்லாத நேரத்தில் த்லகாமா ஒரு குண்டைப் போட்டார். மோசடி நடக்கப்போகிறது, நாங்கள் புறக்கணிக்கிறோம். போச்சுடா, இன்னொரு அங்கோலா என்று எல்லோரும் தலையில் கைவைத்தார்கள். அயெல்லோவும் தூதர்களும் ராத்திரி பகலாகப் பேசினார்கள். மறுநாள் மனிதர் இறங்கிவந்தார். வாக்குப்பதிவை மூன்றாம் நாளுக்கும் நீட்டித்தார்கள். இந்தக் கூத்தைப் பற்றி ஜனங்கள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. வெயிலில் நீளநீள வரிசைகளில் நின்றார்கள். 80 சதவிகிதத்துக்கு மேல் வாக்குப்பதிவு. சிஸ்ஸானோவுக்கு 53 சதவிகிதம், த்லகாமாவுக்கு 34 சதவிகிதம். நாடாளுமன்றத்தில் ஃப்ரெலிமோ 129, ரெனாமோ 112. மூக்கறுத்த கட்சிக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு எங்கிருந்து வந்தது? கூட்டுக் கிராமம், அவமானப்பட்ட ஊர்த் தலைவர் என்று முன்னால் சொன்னேனே, அங்கிருந்து.

தோற்றவர் முனகினார். ஆனால் காட்டுக்குப் போகவில்லை. போயிருந்தாலும் பின்னால் போகப் படை இல்லை.

இப்போது நாற்காலிச் சமாசாரம். முகாம்களில் இரண்டு லட்சத்துக்கு நெருக்கமாக ஆயுதங்கள் வந்தன. நல்லதையெல்லாம் பதுக்கிவிட்டு, ஓட்டை உடைசலைக் கொடுத்தவர்கள் எக்கச்சக்கம். கிணற்றடியில், கூரையில், புளியந்தோப்பு மாதிரி முந்திரித் தோப்பில் எல்லாம் துப்பாக்கிகள் புதைந்து கிடந்தன. 1995-ல் ஆங்கிலிகன் பிஷப் டினிஸ் செங்குலானே ஒரு யோசனை சொன்னார். துப்பாக்கி கொண்டுவா, வேறு பொருள் வாங்கிக்கொண்டு போ. பணம் கிடையாது. பணம் கொடுத்தால் அதை வைத்து இன்னொரு துப்பாக்கி வாங்குவான். தையல் மெஷின், சைக்கிள், மண்வெட்டி, கலப்பை, சிமென்ட் மூட்டை, கூரைத் தகரம். கொண்டுவந்தவன் யார், எங்கே கிடைத்தது என்ற கேள்வி கிடையாது. துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு தூங்குவது பாம்போடு தூங்குவது மாதிரி, ஒருநாள் திரும்பி உன்னையே கடிக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார் பிஷப். வந்த ஆயுதங்களை அங்கேயே துண்டு துண்டாக வெட்டினார்கள். கொஞ்சம் துண்டுகள் மபூட்டோவின் கலைஞர்கள் பட்டறைக்குப் போயின. கெஸ்டரின் நாற்காலி அங்கே பிறந்ததுதான்.

(வேடிக்கை என்னவென்றால், மொசாம்பிக்கின் தேசியக் கொடியில் ஏ.கே. 47 இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று 2005-ல் புதுக் கொடிக்குப் போட்டியெல்லாம் வைத்தார்கள். கொடி மாறவில்லை.)

மண்ணுக்கு மேலே இருந்தது துப்பாக்கி. கீழே கண்ணிவெடி. ரோடு, ஆற்றுப் பாலம், மின்கம்பம், கிணற்றுப் பாதை எங்கும் புதைத்திருந்தார்கள். வரைபடம் கிடையாது. 1992-ல் 20 லட்சம் இருக்கும் என்று ஐ.நா. மதிப்பிட்டது. அது மிகையான எண் என்று பிறகு தெரிந்தது. ஆனால் நடக்கிறவனுக்கு ஒன்று போதாதா? மனிதர்கள் மண்டியிட்டுக் குச்சியால் குத்திக் குத்தித் தேடினார்கள். அப்புறம் எலிகள் வந்தன. ஆமாம், எலிதான். பெருச்சாளி சைஸ் ஆப்பிரிக்க எலிகள். தான்சானியாவில் டிரெயினிங் கொடுத்து அழைத்து வந்தார்கள். வெடிமருந்து வாசம் பட்டதும் மண்ணைச் சுரண்டும். எடை குறைவு என்பதால் மேலே ஏறினாலும் வெடிக்காது. சம்பளம், ஒரு துண்டு வாழைப்பழம். 2015 செப்டம்பர் 17-ம் தேதி, மொசாம்பிக்கில் இனி கண்ணிவெடி வயல் இல்லை என்று அறிவித்தார்கள். பதினாறு வருடச் சண்டை புதைத்ததை எடுக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

அதே காலத்தில் நல்லவர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் செய்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும். மொசாம்பிக் ஒருகாலத்தில் முந்திரிக்குப் பேர்போன தேசம். யுத்தத்தில் நொறுங்கிய முந்திரி ஆலைகள் மெல்ல எழுந்து நின்ற நேரம். 1995-ல் உலக வங்கி, கடன் வேண்டும் என்றால் பச்சைக் கொட்டை ஏற்றுமதிக்கான வரியைக் குறை என்றது. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்குமாம். குறைத்தார்கள். கொட்டையெல்லாம் கப்பலேறியது. எங்கே? இந்தியாவுக்கு. உடைத்துப் பருப்பு எடுக்கிற தொழிலில் நம்மோடு போட்டி போட முடியுமா? மொசாம்பிக் ஆலைகள் வரிசையாக மூடின. ஆயிரக்கணக்கான பேர், அதில் பெரும்பகுதி பெண்கள், நடுத்தெருவுக்கு வந்தார்கள். விவசாயிக்கு விலை கிடைத்ததா என்றால், சில்லறை. துப்பாக்கியைக் கொடுத்துத் தையல் மெஷின் வாங்கியவனின் மனைவி வேலையை இழந்தாள்.

சிஸ்ஸானோ 2005-ல் பதவியிலிருந்து விலகினார். ஆப்பிரிக்கத் தலைவர்களில் தானாக இறங்குகிறவர் அபூர்வம். 2007-ல் முதல் மோ இப்ராஹிம் பரிசு அவருக்குத்தான், 50 லட்சம் டாலர். அடுத்து வந்த ஜனாதிபதி யார் தெரியுமோ? 20 கிலோ லக்கேஜ் குபூஸா. ரோமில் 27 மாதம் பொறுமையாக உட்கார்ந்தவர், நாற்காலிக்கு வந்ததும் பங்கு போடுவதை மறந்துவிட்டார். மாகாணங்களுக்கு ஆளுநர்களை ஜனாதிபதிதான் நியமிப்பார். ரெனாமோவுக்கு ஓட்டுப் போட்ட மாகாணத்துக்கும் ஃப்ரெலிமோ ஆளுநர்தான். பழைய வீரர்களுக்குப் பென்ஷன் என்றால் இழுத்தடிப்பு. 2013-ல், கையெழுத்தாகி 21 வருடம் கழித்து, வயசான த்லகாமா மறுபடி கொரங்கோஸா மலைக்காட்டுக்குள் போனார். சாலைகளில் பஸ்கள்மீது துப்பாக்கிச் சூடு. 2014-ல் ஒரு ஒப்பந்தம். அது நிற்கவில்லை.

2017-ல் புது ஜனாதிபதி ஃபிலிப் நியூஸி ஒரு காரியம் செய்தார். நேரே அந்தக் காட்டுக்கே போய் த்லகாமாவைப் பார்த்தார். அதன்பிறகு இரண்டு பேருக்குள் பேச்சு ஓடியது. ஆளுநர்களை ஜனங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவானது. 2018 மே மாதம் த்லகாமா காட்டிலேயே இறந்துபோனார். அவருக்குப் பின்வந்த ஓஸுஃபோ மொமாதேயோடு 2019 ஆகஸ்டில் நியூஸி புது ஒப்பந்தம் போட்டார். இதற்கிடையே வடக்கே காபோ டெல்காடோவில் 2017 முதல் வேறொரு சண்டை, வேறு ஆள்கள், வேறு காரணங்கள். அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.

2019 ஒப்பந்தப்படி ரெனாமோவின் மிச்சமிருந்த முகாம்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். மொத்தம் 16. கடைசி முகாம், கொரங்கோஸா பக்கத்தில் இருக்கிற வுண்டூஸி. 2023 ஜூனில் அதையும் மூடினார்கள். ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் மொத்தம் 5,221 பேர். ரோமில் கையெழுத்தானபோதே துப்பாக்கி தூக்கிக்கொண்டிருந்தவர்களும் அதில் உண்டு. இந்த முறை இரண்டு வருடச் சம்பளம் என்று நிறுத்தவில்லை. ஆயுள் முழுக்கப் பென்ஷன் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. சிவில் துணியை வாங்கிக்கொண்டு, பாங்க் கணக்குக்கான பாரத்தில் கைரேகை வைத்துவிட்டு, அவர்கள் வண்டியேறினார்கள்.